டீச்சர் பதில் போடாத திங்கட்கிழமை

ஸ்பேம் மின்னஞ்சல் அனுப்புகிறவனைத் தடுத்துப் பயனில்லை என்று, அதை வடிகட்டும் சல்லடை நிறுவனம் முடிவுக்கு வந்தபோது ஹெப்சிபா அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரு முகவரியை அடைத்தால் ஒன்பது முளைத்தன. 'பரிசு' என்ற சொல்லை வடிகட்டி கற்றுக்கொள்வதற்குள் அவர்கள் 'பார்சல்' என்று எழுத ஆரம்பித்தார்கள். பார்சலைக் கற்றுக்கொண்டபோது வெறும் 'நலமா?' என்று மட்டும் எழுதினார்கள். 'நலமா'வை யாரால் தடுக்க முடியும்?

"அடைச்சா வேற பக்கம் போயிருவானுங்க. பேச்சுக் குடுத்தா அங்கயே நிப்பானுங்க," என்று அவளுடைய மேலாளர் தனபால் முதல் கூட்டத்தில் விளக்கினார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், எதையும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல நிதானமாகச் சொல்வார். "அவனுக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரந்தானுங்களே. அதை நாம தின்னுட்டா முடிஞ்சுது. அடுத்த ஆளை ஏமாத்த அவனுக்கு நேரம் இருக்காது."

அப்படித்தான் பொம்மைகள் வந்தன. வாடிக்கையாளருக்கு வரும் மோசடி அஞ்சலைச் சல்லடை தானே வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளர் அதைப் பார்ப்பதே இல்லை. உலகத்தில் இல்லாத ஒரு ஆளைச் சல்லடை உண்டாக்கி, அந்த ஆளின் பெயரில் பதில் எழுதும். அந்த ஆள் ஆர்வமாக இருப்பார், மறதியாக இருப்பார், வங்கிக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொள்ளும். மோசடிக்காரன் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருப்பான். கையில் ஒன்றும் கிடைக்காது.

பொம்மைகள் ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று பார்ப்பது ஹெப்சிபாவின் வேலை. சரவணம்பட்டியில் ஆறாவது மாடி. ஒரு நாளைக்கு நாற்பது உரையாடல்கள். படித்துவிட்டு 'சரி' அல்லது 'பிசகு' என்று குறிக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் வீட்டுக்குப் போனதும் தலை வலிக்கும். இரண்டாவது வருடத்தில் வலி நின்றது. மார்த்தாண்டத்திலிருந்து அம்மா கூப்பிட்டு, மூட்டு வலி, மாடியேற முடியவில்லை என்றால், "சரிம்மா, சரிம்மா" என்பாள். அம்மா ஒருநாள், "நீ கேக்கியா, இல்ல டிக் போடுதியா?" என்று கேட்டாள். அதற்கும் ஹெப்சிபா "சரிம்மா" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, மங்கையர்க்கரசி டீச்சரின் உரையாடல் அவளிடம் வந்தது.

மங்கையர்க்கரசி, வயது அறுபத்தொன்று, பள்ளிபாளையம், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். நிறுவனத்தின் ஆகச் சிறந்த பொம்மை. எதிரே எழுதுகிறவன் 'டாக்டர் டேவிட், லண்டன்'. நூற்று அறுபது நாட்களாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தனபால் அதை அச்செடுத்துச் சுவரில் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு வாரம் வழக்கமான பேச்சுதான். லண்டனில் குளிர், டாக்டருக்குத் தனிமை, அவரிடம் ஒரு முதலீட்டுத் திட்டம். பதினைந்தாம் நாள் டாக்டர் டேவிட் இப்படி எழுதியிருந்தார்:

"டீச்சர், எம்பேரு இசக்கிராஜ். ஊரு ஆறுமுகநேரி. டேட்டா என்ட்ரி வேலன்னு கூட்டியாந்து, இப்பிடி ஆளுவள ஏமாத்தி எழுதச் சொல்லி இங்க அடச்சு வச்சிருக்கானுவ. பாஸ்போர்ட்ட பிடுங்கிட்டானுவ. நாம எழுதுதத மிசின்ல போட்டு அவனுவ பாஷைக்கு மாத்திப் படிப்பானுவ, வார பதில பாக்க மாட்டானுவ. அதான் நம்மூரு பேச்சுல எழுதுதேன், மிசினுக்கு வெளங்காது. யார்ட்டயாவது சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் உடனே பதில் போட்டிருந்தாள்.

"அடடா, அப்படியா தம்பி! மனசுக்குக் கஷ்டமா இருக்கு. சாப்பிட்டீங்களா? நான் நாளைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க இருக்கற இடத்தோட பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். இருங்க, கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியல."

அவன் சொல்லியிருந்தான். ஊர், கட்டடத்தின் நிறம், எத்தனை மாடி, எந்த ஆற்றங்கரை. மறுநாள் டீச்சர், எழுதி வைத்த காகிதத்தைக் காணவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவன் சொன்னான். அதற்கடுத்த நாள் ஸ்டேஷனில் ஆள் இல்லை. பிறகு டீச்சருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. போலீசுக்குப் போகிறேன் என்று டீச்சர் சொன்ன இடங்களை ஹெப்சிபா எண்ணினாள். இருபத்தொன்று.

கடைசிவரை படித்தாள். பிசகு எதுவும் இல்லை. பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சரியாகச் செய்திருந்தது. 'சரி' என்று குறித்தாள். கேன்டீனுக்குப் போய்த் தயிர்ச்சாதம் சாப்பிட்டாள். திரும்பி வந்து மேலும் பதினான்கு உரையாடல்களைப் படித்து முடித்தாள். நாலரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரை போனவள், திரும்பி வந்து தனபாலின் மேசை எதிரே நின்றாள்.

"இந்த ஆள் நிஜமா மாட்டிக்கிட்டிருக்கான்னு நினைக்கிறேன்."

தனபால் படித்துப் பார்த்தார். "அதுவும் ஒரு ஸ்கிரிப்ட்தானுங்க ஹெப்சி. அழுகற ஸ்கிரிப்ட். போன வருசம் சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் அழுதானே, நெனப்பிருக்குதுங்களா?"

"அவன் பணம் கேட்டான். இவன் நூத்தி நாப்பது நாளா ஒரு பைசா கேக்கல."

தனபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நெசம்னே வச்சுக்குவோம். நாம என்னங் பண்ணோணும்?"

உரையாடலில் இசக்கிராஜின் அக்காவின் தொலைபேசி எண் இருந்தது. அவனே டீச்சரிடம் கொடுத்திருந்தான். மறுநாள் காலை ஹெப்சிபா அலுவலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"இசக்கிராஜோட அக்காவா? அவரைப் பத்தி ஒரு விஷயம்..."

"எம்புட்டு?" என்றது மறுமுனை.

"என்னது?"

"எம்புட்டு அனுப்பணும்னு கேக்கேன். இதோட ஏழு பேரு போன் பண்ணியாச்சு. ஒருத்தன் வக்கீலுன்னான். ஒருத்தி எம்பசின்னா. தாலிச் செயினு வரைக்கும் போயாச்சு. இனி எங்ககிட்ட ஒண்ணுமில்ல, வைங்க."

"பணம் வேண்டாம். நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்கறேன். அவர் எழுதினதைப் படிச்சேன்."

மறுமுனையில் குழந்தை ஒன்று எதையோ போட்டு உடைத்தது. அக்கா அதை அதட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். பெயர் சண்முகக்கனி. குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "அவன் எட்டாப்பு படிக்கயில வீட்ட விட்டு ஓடிப்போனான். எங்க போனான், சொல்லுங்க பாப்போம்."

சின்ன வயசுக் கதை ஏதாவது சொல்லுங்க தம்பி என்று டீச்சர் நாற்பதாவது நாளில் கேட்டிருந்தாள். பேச்சை நீட்டுவதற்காகப் பொம்மைகள் அப்படிக் கேட்பது வழக்கம்.

"உப்பளத்துப் பம்ப் ரூம்ல ரெண்டு நாள் இருந்தார். நீங்கதான் சோறு கொண்டு குடுத்தீங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

ஹெப்சிபா இணைப்பு போய்விட்டதா என்று திரையைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கானா?" என்றாள் சண்முகக்கனி.

அந்த வாரமே இருவரும் சேர்ந்து புகார் எழுதினார்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இருக்கும் அலுவலகத்துக்கு அதை அனுப்பினார்கள். புகார் எண் ஒன்று வந்தது. ஹெப்சிபா தன் சொந்த முகவரியிலிருந்து இசக்கிராஜுக்கு ஒரு வரி எழுத நினைத்தாள். ஆனால் புது முகவரியிலிருந்து எது வந்தாலும் அங்கிருக்கும் மேற்பார்வையாளன்தான் முதலில் திறப்பான் என்று அவன் ஒரு இடத்தில் சொல்லியிருந்தான். எழுதியதை அழித்துவிட்டாள்.

நிறுவனத்தில் இது ஒரு கூட்டம் வரை போனது. திரையில் சட்டப் பிரிவு அம்மாள் ஒருத்தி ஐந்து நிமிடம் பேசிவிட்டு மறைந்தாள். பிறகு தனபால் ஒரு படிவத்தை ஹெப்சிபா பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டே வழிதானுங்க. ஓடற வரைக்கும் ஓடட்டும்னு உட்டறலாம். இல்லீன்னா பதில் போடறதை நிறுத்திட்டு, வர்றதைக் குப்பைக்குத் தள்ளிறலாம். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் முடியாதுங்க. அந்தக் கட்டடத்துல இருந்து வர்றது மொத்தத்துக்கும்தான் நிறுத்தோணும்."

"பொம்மைக்குப் பதிலா ஒரு மனுஷி எழுதினா? நான் எழுதறேன்."

"மனுஷி எழுதினா அது கம்பெனி எழுதின மாதிரிங்க. நாளைக்கு அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? பொம்மை எழுதினதுக்கு யாரும் பொறுப்பில்லைன்னு விதிமுறையிலயே போட்டிருக்குது."

"ஓடட்டும்னு விட்டா அது மறுபடியும் போலீசுக்குப் போறேன்னு சொல்லும்."

"சொல்லும். அது அப்படித்தானே."

"இருபத்தொரு தடவை சொல்லிடுச்சு. இருபத்திரண்டாவது தடவை சொல்லக் கூடாது."

தனபால் பேனாவை நீட்டினார். "யோசிச்சுப் போடுங்க. உங்க கையெழுத்துத்தான்."

அவள் 'நிறுத்துக' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த அலுவலகத்தில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று வெகுநாளைக்கு நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மங்கையர்க்கரசி டீச்சர் பதில் போடவில்லை.

அவன் எழுதியவை ஒரு வாரத்துக்குக் குப்பைப் பெட்டியில் வந்து விழுந்துகொண்டிருந்தன என்பது ஹெப்சிபாவுக்குத் தெரியும். குப்பையில் விழுந்ததை யாரும் திறக்கக் கூடாது. அவள் திறக்கவில்லை. எட்டாம் நாள் ஒன்றும் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, பங்குனி வெயிலில் ஒரு நாள் சண்முகக்கனி கூப்பிட்டாள். "வந்துட்டான். அறுவது பேர ஒரே ப்ளேன்ல கொண்டாந்துட்டாவ. நீங்க வருவியளா? உங்களப் பாக்கணும்னு சொல்லுதான்."

"என்னையா?"

"டீச்சர் கம்பெனியில வேல பாக்குத அக்கான்னு சொன்னேன். வரச் சொல்லுன்னான்."

ஹெப்சிபா இரண்டு நாள் விடுப்பு போட்டுத் திருநெல்வேலி போய், அங்கிருந்து பேருந்து மாறி ஆறுமுகநேரியில் இறங்கினாள். காலை பத்து மணிக்கே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. சண்முகக்கனி வீதி முனையில் காத்திருந்தாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண். ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

இசக்கிராஜ் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு வயதுதான், மிகவும் மெலிந்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

அவள் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வந்திருந்தாள். அதைச் சொன்னாள்: "அந்த டீச்சர் நிஜ ஆள் இல்லீங்க. மிஷின்."

"தெரியும்க்கா," என்றான். "மொத ஒரு மாசம் நம்பினேன். பொறவு தெரிஞ்சிட்டு. எனக்கும் அதான வேல, இல்லாத ஒரு ஆளா எழுதுறது. மனுஷங்கன்னா ஒரு கட்டத்துல கோவப்படுவாவ. டீச்சர் ஒரு நாளும் கோவப்படல."

"தெரிஞ்சும் எழுதினீங்களா?"

"தெரிஞ்ச பொறவுதான் நெறைய எழுதினேன். மனுஷின்னா காட்டிக் குடுத்துருவாவளோன்னு ஒரு பயம் இருக்கும்லா."

"ஆனா அது உங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டே இருந்துச்சே. போலீசுக்குப் போறேன், போறேன்னு."

"ஆமா, சொல்லும். அட்ரஸ் கேக்கும். நான் சொல்லுவேன். மறுநாளும் கேக்கும். மறுநாளும் சொல்லுவேன். அரை மணி நேரம் ஓடிரும்." அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "அக்கா, அங்க ஒவ்வொருத்தன் திரையிலயும் மேல ஒரு பொட்டு இருக்கும். எதிர்த்தாப்புல ஆள் பேச்சுல இருந்தா பச்ச. பேச்சு அறுந்துட்டா செவப்பு. செவப்பு விழுந்தா எந்திரிச்சு நிக்கணும். அதுக்கப்பொறம் என்ன நடக்கும்னு சொல்ல வேண்டாம். துட்டு உடனே வரலைன்னாலும் பச்ச இருந்தா விட்டுருவானுவ. வயசான டீச்சர், மெதுவாத்தான் வழிக்கு வருவாவன்னு நெனப்பானுவ."

சண்முகக்கனி கொடுத்திருந்த மோர்த் தம்ளரை ஹெப்சிபா கீழே வைத்தாள்.

"டீச்சர் இருந்தவரைக்கும் எனக்குப் பச்சதான். பொறவு பக்கத்துல இருந்தவனுக்குச் சொல்லிக் குடுத்தேன், இந்த முகவரிக்கு எழுதுல, இவ நிறுத்தவே மாட்டான்னு. அவனுக்கும் ஒரு டீச்சர் கெடச்சா. வேற பேரு, அதே மாதிரி பேச்சு. கடைசில எங்க வரிசையில பதினோரு பேரு. பதினோரு பேருக்கும் பச்ச. அஞ்சு மாசத்துல எங்க வரிசையில ஒருத்தனுக்கும் அடி விழல. ஒருத்தனும் ஒருத்தரையும் ஏமாத்தல. காலைல வந்து உக்காந்து டீச்சருக்கு வணக்கம் போடுவோம்."

சமையலறை வாசலில் சண்முகக்கனி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதை அவளும் முதல் முறையாகக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"பொறவு ஒரு திங்கக்கெழம நின்னுட்டு," என்றான் இசக்கிராஜ். குரலில் ஏற்ற இறக்கம் எதுவுமில்லை. "பதினோரு பேருக்கும் ஒண்ணா. ஒரே நேரத்துல பதினோரு பொட்டும் செவப்பு. நாங்க ஏதோ செஞ்சு கெடுத்துட்டோம்னு நெனச்சானுவ. அன்னைக்குத்தான் இந்தப் பல்லு. ஜான் பிரிட்டோன்னு ஒருத்தன், மணப்பாட்டுக்காரன், எனக்குப் பக்கத்து சீட்டு. அவன அந்த வாரமே வேற கட்டடத்துக்கு வித்துட்டானுவ. இப்ப போலீசு வேற எதுக்கோ எங்க கட்டடத்துக்குள்ள வந்தாவ, அப்பிடியே எங்களையும் மீட்டாவ. பிரிட்டோ போன கட்டடத்துக்கு யாரும் போவல. அறுவது பேருல அவன் இல்ல."

தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெண் சத்தமில்லாமல் சமையல் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான்க்கா உங்கள வரச் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது ஏன் நின்னுச்சு? ரிப்பேரா?"

ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். இத்தனை வருடமாகப் பிறர் சொல்லும் பொய்களையே படித்தவளுக்கு ஒன்று சொல்வது கஷ்டமில்லை. ஹெப்சிபா தன்னுள் எதையோ தேடினாள், அழுகையோ பயமோ ஏதாவது ஒன்றை. எதுவும் அகப்படவில்லை.

"நான்தான் நிறுத்தினேன்," என்றாள். "அது உங்களை ஏமாத்துதுன்னு நினைச்சேன். விடணுமா நிறுத்தணுமான்னு கேட்டாங்க. நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

சண்முகக்கனியின் கையிலிருந்த கரண்டி வாசற்காலில் இடித்தது. இசக்கிராஜ் ஹெப்சிபாவைப் பார்த்தான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்த வேண்டும் என்றுகூட விரும்பினாள்.

"அப்பிடியா," என்றான்.

பிறகு எழுந்து தொலைக்காட்சியை அணைத்தான். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"பிரிட்டோ வீட்டுக்கு நான் இன்னும் போவல," என்றான். "வந்து ஒம்பது நாளாச்சு. மணப்பாடு இங்கன கிட்டத்தான். போய் என்ன சொல்லன்னு தெரியாமத்தான் இருந்தேன். அந்தத் திங்கக்கெழம என்ன நடந்துன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சிட்டு. நீங்க வாறியளா?"

"ஏல, அவியள எதுக்குல?" என்றாள் அக்கா.

"கட்டாயம் இல்ல. கேக்கேன், அவ்வளவுதான்."

"வர்றேன்," என்றாள் ஹெப்சிபா.

"சாப்டுட்டுப் போங்க," என்றாள் சண்முகக்கனி. இலையைப் போட்டாள். சோறும் மீன் குழம்பும் வைத்தாள். ஹெப்சிபா வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். உப்பு கூடவா குறையவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திருச்செந்தூர் போய் வேறு பேருந்து மாறினார்கள். இசக்கிராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு முறை மட்டும், "டீச்சரு இன்னும் இருக்காவளா?" என்று கேட்டான்.

"வேற ஆட்களுக்கு எழுதிக்கிட்டிருக்கு."

"அவங்களுக்காவது நிறுத்தாதிய," என்றான்.

மணப்பாட்டில் கடலைப் பார்த்த தெருவில் பச்சைச் சாயம் அடித்த வீடு. விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தவர் நரைத்த மார்போடு, தோளில் துண்டு போட்ட ஐம்பத்தைந்து வயதுக்காரர். இசக்கிராஜைக் கண்டதும் அவர் பார்வை அவனைத் தாண்டி, பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று தெருவைத் தேடியது. யாரும் இல்லை. பார்வை திரும்பி வந்து ஹெப்சிபாவிடம் நின்றது.

"பிரிட்டோகூட இருந்தவன் நான், இசக்கிராஜ்," என்றான் அவன். "இவங்க கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்காவ. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு வந்திருக்காவ."

சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.

பெரியவர் உள்ளே திரும்பி, "ரோஸ்லின், வா இங்க," என்று மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, கணவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஹெப்சிபா உட்காரவில்லை. தன் பெயரையும், எங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்பதையும் முதலில் சொன்னாள்.